இரண்டாம் மகளில் தொடங்கும் ராஜ்ஜியம்

மன்னராட்சி ஒழிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நம்பாதீர்கள். ராஜாக்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். காலையில் பஸ்சில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள், ரேஷன் கடையில் பாமாயில் வந்தாச்சா என்று எட்டிப் பார்க்கிறார்கள், காஸ் தீர்ந்ததைக் கவனிக்காததற்கு வீட்டில் வசவு வாங்குகிறார்கள். மாலையில் கைலிச் சாரத்துக்கு மாறிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த மாத்திரத்தில் அரியணை ஏறிவிடுகிறார்கள். இந்த இனத்தாரை வாரிசு நிர்ணயர்கள் என்று சொல்லலாம். யார் செத்தால் யாருக்குப் பட்டம் என்பதைத் தவிர உலகத்தில் கவலைப்பட வேறு விஷயமே இல்லை என்று நினைப்பவர்கள் இவர்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழங்கால ராஜாக்களை வைத்து ஒருவகைக் கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கிறது. அதில் சண்டை போடுவதெல்லாம் சும்மா. கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பட்டங்களைப் பங்குவைத்து, காலாகாலத்தில் செத்துப் போவதுதான் உண்மையான வேலை. செத்தபிறகு உங்கள் வாரிசாக மாறித் தொடர்ந்து ஆளலாம். வாரிசு இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. விளையாட்டின் சட்டதிட்டம் பிடிக்காத ஒருவர், அதற்குள் கையை விட்டுத் தன் இஷ்டப்படி மாற்றி எழுதி, மற்றவர்களும் ஆடட்டும் என்று இணையத்தில் போட்டால், அதற்கு 'மாட்' என்று பெயர். எழுதுவது இலவசம். ஆடுவதும் இலவசம். பெருமை மட்டும் ஏராளம்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் பந்தியில் இடம்பிடிக்க ஓடும்போது இவர் மட்டும் மணமேடையைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது, அந்தத் தோப்பு இந்தப் பக்கம் வந்துரும், கிழக்கெல்லை பத்திரம்" என்று முணுமுணுப்பார். சாவு வீட்டில் எப்படிச் செத்தார் என்று கேட்கமாட்டார், மூத்தது யார் என்று கேட்பார். பிறந்த குழந்தையை மடியில் கொடுத்தால் நீங்களும் நானும் மூக்கு யார் ஜாடை என்று பார்ப்போம். இவர் உற்றுப் பார்த்துவிட்டு, "உரிமை பலமா இருக்கு" என்பார்.

உனக்கெப்படி இத்தனை நுணுக்கமாகத் தெரியும் என்கிறீர்களா? இதை எழுதுகிறவனுக்கும் ஒரு பட்டம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கோட்டைத் தலைவன். சம்பளம் கிடையாது. கோட்டையையும் பஸ்சில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் பட்டம் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னது உண்மை. வைக்கவில்லை என்பதும் உண்மை.

தன் ஆட்டத்துக்குள் எனக்குப் பட்டம் கட்டிய மகாராஜாவின் பெயர் ஸ்ரீனிவாசன். தக்கலையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீடு தோவாளைப் பக்கம், வயலோரத்தில். பூச்சந்தைக் கூட்டத்துக்குள் ஊர்ந்து வரும் பஸ்சைப் பிடித்து, நாகர்கோவிலில் மாறி, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் இரண்டு தலைமுறை ராஜாக்களுக்கு மனசுக்குள்ளேயே முடிசூட்டி முடித்துவிடுவார்.

அந்த விளையாட்டை முதலில் வாங்கி ஆடிய அன்று அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேணாட்டு ராஜா செத்ததும் பட்டம் மகனுக்குப் போயிற்று. மகனுக்கா! நம்ம ஊரிலா! ராஜாவுக்குப் பின்னால் ராஜாவின் சகோதரி மகன் அல்லவா? ராஜவம்சத்தை விடுங்கள், நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலேயே நூறு வருஷத்துக்கு முன்பு மாமன் சொத்து மருமகனுக்குத்தானே போய்க்கொண்டிருந்தது? எங்கேயோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து விளையாட்டுச் செய்கிறவனுக்கு இதெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? ஸ்ரீனிவாசன் சொல்லக் கிளம்பினார். 'தாய்வழி வேணாடு' என்று ஒரு மாட் பிறந்தது. பட்டத்தில் இருக்கும் மூத்த திருவடி யார், அடுத்து வரும் இளைய திருவடி யார், யாருக்கு எந்தக் குடை, யார் முன்னால் யார் மேல்துண்டை இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும், சகோதரியே இல்லாத ராஜாவின் கதி என்ன, எல்லாவற்றுக்கும் சட்டம் எழுதினார். ஆபீசில் ஒருவரின் லீவு விண்ணப்பத்தை மேஜையிலேயே தூங்கவிடும் மனிதர், ஏதோவொரு நூற்றாண்டில் ஏதோவொரு சிற்றரசனின் சித்தி மகளுக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாதே என்று சாப்பாட்டை மறந்து உழைத்தார்.

எழுதிய சட்டத்தை ஓட்டிப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டுமே? தன் தாய்வீட்டையே போட்டார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அம்மாவின் அப்பா ஆறுமுகம் பிள்ளை, கொஞ்சம் வயலும் ஒரு ஜோடிக் காளையும் வைத்திருந்தவர், ஆட்டத்தில் தோவாளைக் குறுநில மன்னரானார். தாத்தாவுக்குச் சகோதரி இல்லை, ஆகவே மாமா சுயம்புலிங்கம் பட்டத்து இளவரசர். அம்மா தாணம்மாள் இளவரசி. இளவரசியின் ஒரே பிள்ளை யார் என்று சொல்லவும் வேண்டுமா? எத்தனை முறை ஓட்டினாலும், சுயம்புலிங்கம் கண்ணை மூடியதும் பட்டம் ஸ்ரீனிவாசனுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிதாகப் புல்லரித்தது.

"இஞ்சேருங்கோ, அந்த மாட்டைக் கட்டிப் போட்டுட்டு சாப்பிட வாறியளா? தோசை ஆறிப்போச்சு" என்று சமையலறையிலிருந்து மனைவி லட்சுமிப்ரியா கூப்பிடுவாள்.

"கொஞ்சம் பொறுட்டி. மாமாவுக்கு இப்ப உயிரு போயிரும்."

"நல்லாருக்கே! அவிய இப்பத்தான் போன்ல பேசிட்டு வச்சாவ!"

இதோடு நின்றிருந்தால் ஊருக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் அந்த வருஷம் நிஜமாகவே ஓர் அரியணை காலியாயிற்று.

தாய்வீட்டுக்கு ஒரு குடும்பக் கோயில் உண்டு. வயல் நடுவே சின்ன இசக்கியம்மன் கோயில். வருஷத்துக்கு ஒருமுறை கொடை என்கிற திருவிழா. அன்றைக்கு அம்மனின் நகைப்பெட்டியைத் திறக்கிறவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். அம்மன் கழுத்திலிருந்து எடுக்கிற முதல் பூவும் அவருக்குத்தான். மாமா சுயம்புலிங்கத்துக்கு முட்டு தேய்ந்து வரப்பில் நடக்க முடியவில்லை. "இந்தக் கொடையோட பெட்டிச் சாவிய ஒருத்தன் கையில குடுத்துட்டு நான் ஒதுங்குகேன்" என்று சொல்லிவிட்டார். அந்தக் காலம் போய் இப்போதெல்லாம் சாவி அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. ஆகவே பெங்களூரில் இருக்கும் மாமா மகன் நீலகண்டன்தான் அடுத்தது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், நீலகண்டனைத் தவிர. அவனுக்கு லீவு கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை.

ஸ்ரீனிவாசனுக்கு அந்தச் சாவி வேண்டும். ஆபீசில் அவர் வந்தால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை, வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கையில் இல்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் எங்கேயாவது ஒரு பெட்டி இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் இணையத்தில் அந்தக் கேள்வி வந்தது. 'மேலைக்கரைச் சிற்றரசன்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆட்டக்காரர். எப்போதும் இரண்டே வரிதான் எழுதுவார். இவ்வளவு குறைவாகப் பேசுகிறவர் நம்ம நாட்டுக்காரராக இருக்க முடியாது, ஃபின்லாந்துக்காரர் என்று ஸ்ரீனிவாசன் முடிவுகட்டியிருந்தார். அவர் கேட்டார்: "தோவாளை வம்சத்தில் தாணம்மாளை இரண்டாம் மகள் என்று போட்டிருக்கிறீர்கள். முதல் மகள் எங்கே?"

ஸ்ரீனிவாசன் தான் எழுதியதை எடுத்துப் பார்த்தார். கிளார்க் கை, பழக்கதோஷத்தில் உள்ளபடி எழுதிவிட்டது.

முதல் மகள் ஒருத்தி இருந்தாள். தாணம்மாளுக்கு அக்கா, பகவதி. கல்யாண வயதில் கருங்கல்காரர் ஒரு வாத்தியாரோடு போய், சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்து, விக்டோரியா என்று பெயரும் மாற்றிக்கொண்டாள். பட்டம் கேட்டுத் திரிந்த இந்தக் குடும்பத்தில் ராணிப் பெயரோடு இருந்த ஒரே ஆள் அவள்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுத்ததில்லை. பஸ் ஏறினால் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேலே ஆகும் தூரத்தில் உயிரோடு இருந்தாள். இருந்தும் ஸ்ரீனிவாசன் என்ன பதில் எழுதினார் தெரியுமா?

"போதிய வரலாற்றுச் சான்றுகள் கிடைக்கவில்லை."

"சான்று கிடைத்தால் சேர்ப்பீர்களா?" என்று கேட்டார் ஃபின்லாந்துக்காரர்.

"நிச்சயமாக" என்று எழுதினார் மகாராஜா. நேர்மையில் அவரை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதல்லவா?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் பெரியம்மையை வம்சத்தில் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மாமா கண்ணை மூடினார். பட்டம் பெரியம்மையின் மகன் யேசுதாசனுக்குப் போயிற்று. ஸ்ரீனிவாசன் எழுதிய சட்டம், ஸ்ரீனிவாசனையே ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டது. சரி, ஒரு சின்னத் திருத்தம் போட்டால் தீர்ந்தது என்று உட்கார்ந்தார். 'பிறந்த வீட்டை விட்டுப் போன பெண்ணின் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை.' எழுதி ஓட்டினார். மாமா மறுபடியும் செத்தார். வாரிசு யாரும் இல்லை என்று வந்தது. அடுத்த ஊரில் வாரிசு இல்லை. அதற்கடுத்த ஊரிலும் இல்லை. வேணாடு முழுவதும் பட்டங்கள் பொலபொலவென்று உதிர்ந்து, பாண்டிய ராஜா ஒரு அம்புகூட விடாமல் திருவனந்தபுரம் வரை வந்து சேர்ந்தார்.

ஏன் என்று புரிந்துகொள்ள மகாராஜாவுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறந்த வீட்டை விட்டுப் போகாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? அவருடைய அம்மாவும் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவள்தானே? 

பின்னால் வந்து நின்ற தாணம்மாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றி, காலியாகக் கிடந்த திரையைப் பார்த்தாள். "என்ன மக்கா, நம்ம வீட்டில ஒருத்தரையும் காணல்ல?" என்றாள்.

"ஒரு சின்னத் தப்பும்மா. சரியாக்கிருவேன்."

எப்படிச் சரியாக்கினார் என்கிறீர்கள்? திருத்தத்தை அழித்தார். கூடவே பெரியம்மையையும் அழித்தார். ராஜ்ஜியம் பழைய நிலைக்குத் திரும்பியது. 

கொடைக்குப் பந்தக்கால் நாட்டுவதைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். ஸ்ரீனிவாசன் லேப்டாப்போடு போனார். மருமக்கள் வழியின் மகிமை, முன்னோர் காட்டிய முறை, இடையில் வந்த சட்டம் சொத்தைத்தான் பிரித்ததே தவிர சாமியைப் பிரிக்கவில்லை என்று, வந்தவர்களுக்கு இரண்டாவது தடவை காப்பி கொடுக்கும்வரை பேசினார். நடுவே திரையில் மாமாவை ஒருமுறை சாகடித்தும் காட்டினார். மாமா அதைச் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சொன்னேரு மருமோனே. எனக்கும் சம்மதந்தான். நீலகண்டன் லீவு இல்லேன்னு நேத்தே சொல்லியாச்சு. மருமக்கள் வழியிலேயே சாவிய குடுத்துருவோம்" என்றார் சுயம்புலிங்கம்.

ஸ்ரீனிவாசன் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அப்போ முறைப்படி யேசுதாசனுக்கு."

"மாமா, அவிய..." என்று ஆரம்பித்தார் ஸ்ரீனிவாசன்.

"எனக்கு ஒரு அக்காதான் உண்டும்னு உம்மகிட்ட யாருவே சொன்னா? மூத்தவளுக்க மோன் இருக்கும்போ ரெண்டாமத்தவளுக்க மோனுக்குக் குடுத்தா முறையா? நீரே சொல்லும். சட்டம் உம்ம சட்டம்."

தாணம்மாள் தலையைக் குனிந்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்ததை ஸ்ரீனிவாசன் பார்த்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் 'மூத்தவள்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கிறது.

"அவன் வேண்டாம்னு சொன்னா உமக்கு. போயி கேட்டுட்டு வாரும்" என்றார் மாமா.

துறப்பு வாங்குவது என்று இதற்கு ஆட்டத்தில் பெயர். பட்டத்துக்கு முன்னால் நிற்கிறவரிடம் போய், நயமாகப் பேசி, உரிமையைக் கைவிடச் செய்வது. ஸ்ரீனிவாசன் ஆட்டத்தில் எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறார். பஸ் பிடித்துப் போய் வாங்குவது இதுதான் முதல்தடவை. கருங்கல் சந்தைப் பக்கம் யேசுதாசனின் பெயிண்ட் கடை. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், நரைத்த மீசை, சட்டையில் அங்கங்கே பச்சைப் பெயிண்ட். ஸ்ரீனிவாசன் தன்னைச் சொல்லிக்கொள்ள வாயெடுத்தார். அதற்குள் அவர் கண் மேஜைமேல் இருந்த பில் போடுகிற கம்ப்யூட்டரில் விழுந்தது. திரையில் இருந்தது பில் அல்ல. வேணாடு. தோவாளைக்கு ஸ்ரீனிவாசன் தன் கையால் தீட்டிய மஞ்சள் நிறம் உட்பட.

"நீங்க... ஃபின்லாந்து?" என்றார் ஸ்ரீனிவாசன்.

"கருங்கல்லு" என்றார் யேசுதாசன். "இரி தம்பி. சாயா சொல்லட்டா?"

மகாராஜா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேணாட்டைப் பற்றி ஒரு மாட் வந்தால் வேறு யார் எடுத்து ஆடுவார்கள் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை? ஆடுகிறவர் அதில் சொந்தத் தாத்தா பேரைப் பார்த்தால் அம்மா பேரைத் தேடமாட்டாரா?

"சாவி விஷயமா வந்தேன் அண்ணே..."

"மாமன் போன் பண்ணிச் சொன்னாரு. சாவிய நான் கேக்கேல்ல கேட்டியா. இஞ்ச சர்ச்சுக் கமிட்டியில கிடந்து படுகிற பாடே எனக்குப் போரும். எங்க அம்மை எங்கேண்ணு மட்டுந்தான் கேட்டேன். சான்று இல்லேண்ணு எழுதிட்டியே?"

ஸ்ரீனிவாசன் சாயா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சான்று வீட்டுல சீரியலு பாத்துட்டிருக்கு. வா, காட்டித் தாறேன்."

கடைக்குப் பின்னால் வீடு. விக்டோரியா பெரியம்மை டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அம்மாவின் அதே நெற்றி, பேசுமுன் தலையை ஒரு பக்கம் சாய்க்கும் அதே பழக்கம்.

"தாணம்மைக்க மோனா? அவளுக்குச் சுகந்தானா? அம்மனுக்கு இப்பளும் பிச்சிப்பூதான் சாத்துறாவளா?"

"ஆமா பெரியம்மே."

"இவன் ஏதோ கம்ப்யூட்டர்ல எங்க அப்பாவ ராசாவாக்கிப் போட்டிருக்காவம்மாண்ணு ஓடி வந்தான். என்னையும் போட்டிருக்காவளாண்ணு கேட்டேன். இல்லேண்ணான். சாரமில்ல மக்கா. போடாட்ட என்ன?"

வேண்டுமென்று குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. எங்கோ ஒரு சிற்றரசனின் சித்தி மகளுக்காகச் சாப்பாட்டை மறந்தவர், தன் பெரியம்மையை ஒரு பெட்டிச் சாவிக்காக இரண்டு தடவை அழித்திருந்தார்.

"துறப்பு வேணும்னா எழுதித் தாறேன்" என்றார் யேசுதாசன். "ஆனா முறைப்படி செய்யணும். உரிமை இருந்தாத்தானே துறக்க ஒக்கும்? முதல்ல அம்மைய சேரு. பொறவு என்னைய சேரு. பொறவு துறக்கேன்."

வாரிசு நிர்ணயர் எவரும் இப்படியொரு வாதத்துக்கு எதிரே நிற்க முடியாது. பெயிண்ட் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஸ்ரீனிவாசன் எழுதினார்: பகவதி என்கிற விக்டோரியா, முதல் மகள். யேசுதாசன், அவர் மகன். யேசுதாசனின் தங்கை ரெஜிலா. ரெஜிலாவின் மகன் சஜின். பிறகு யேசுதாசன் மவுஸை வாங்கி, ஒரே அழுத்தில் துறந்தார். பட்டம் ஸ்ரீனிவாசனுக்கு வந்தது. இந்தத் தடவை புல்லரிக்கவில்லை.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் யேசுதாசன், திரையைக் கூர்ந்து பார்த்து. "உனக்கு அக்கா தங்கச்சி இல்லியே? அப்போ உனக்குப் பொறவு எனக்க மருமோன் சஜினாக்கும்."

பட்டாபிஷேகம் வரைக்கும்தான் இந்த இனம் கணக்குப் போடும். மறுநாளைப் பற்றிய யோசனையே கிடையாது. வீட்டில் லட்சுமிப்ரியாவிடம் விவரம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நம்ம மோனுக்கு?"

"அதெப்படி? சட்டம் இருக்குல்லா."

"சட்டத்த எழுதுனது எந்த மகாராஜா?"

அவர் லேப்டாப்பை மூடி வைத்தார். தாணம்மாள் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்காவுக்குத் தலை எல்லாம் நரைச்சுப் போச்சா மக்கா?"

கொடையன்று விக்டோரியா வந்தாள். காரிலிருந்து இறங்கி வயல் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். நீங்கள் எதிர்பார்ப்பதுபோல அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழவில்லை. "செருப்ப அங்கன போட்டுட்டு வா, முள்ளு கெடக்கும் பாத்து வா" என்று தாணம்மாள் அதட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள், நேற்று சண்டைபோட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி. சுயம்புலிங்கம் சாவியை மருமகன் கையில் கொடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்த அந்த நிமிஷத்தில் ஸ்ரீனிவாசன் சாவியைப் போட்டுத் திருகினார். திறக்கவில்லை. மறுபடி திருகினார். வேர்த்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தன.

"எதிர்ப்பக்கமா திருகு மக்கா. எங்க அப்பாவும் கொடைக்குக் கொடை இப்படித்தான் முழிப்பாவ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொல்ல வேண்டாம்.

பெட்டி திறந்தது. பூசை முடிந்து அம்மன் கழுத்திலிருந்து எடுத்த பிச்சிச் சரத்தைப் பூசாரி ஸ்ரீனிவாசன் கையில் வைத்தார். அவர் அதைத் தாணம்மாளிடம் கொடுத்தார். தாணம்மாள் அதை இரண்டாகக் கிள்ளவில்லை. அப்படியே அக்காவின் நரைத்த கொண்டையில் வைத்துவிட்டாள். மகாராஜாவுக்கு ஒரு இதழ்கூட மிஞ்சவில்லை. அவருக்கு அது பெரிதாகவும் தெரியவில்லை என்றுதான் கேள்வி.

மாட்டின் புதிய பதிப்பு அடுத்த வாரமே வந்தது. மாற்றங்கள் என்ற தலைப்பின் கீழே ஒரே வரி: 'முதல் மகள் சேர்க்கப்பட்டார். சான்று கிடைத்தது.'

எனக்குக் கம்ப்யூட்டரும் கிடையாது, ராஜ்ஜியமும் கிடையாது, இந்தப் பைத்தியம் என்னை அண்டாது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெயர்களை யார் வரிசைப்படுத்தினார்கள்? கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லுமுன் ஒரு நொடி தயங்குகிறீர்களே, அது எதற்கு? ஓய்வாக இருக்கும்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இதை எழுதுகிறவன் எண்ணிப் பார்த்தானா என்கிறீர்களா? இன்னும் இல்லை. கோட்டையில் கொஞ்சம் வேலை இருக்கிறது.